எகிப்துக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு

சவுதி அரேபியாவில் அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்ற செய்தி வார்டுக்குள் வந்துவிட்டால் அன்றைக்கு டீ குடிக்கிற நேரம் முழுக்க அதே பேச்சுதான். யார் பி.எஸ்சி., யார் டிப்ளமோ, டேட்டாஃப்ளோ சரிபார்ப்புக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், அங்கே நர்ஸ் உரிமத்துக்காக எழுதுகிற பிராமெட்ரிக் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று ஆளுக்கொரு விவரம் சொல்வார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிற நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாகப் போக வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்த பிறகு, சென்னையிலிருக்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த ஓர் அறிவிப்புதான் எங்கள் வீட்டுக்குள்ளும் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். என் வீட்டுக்காரர் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மகன் அப்போது பத்தாம் வகுப்பு, மகள் சின்னவள். அத்தைக்குப் பார்க்கின்சன் நோய். வீட்டுக் கடன் ஒரு பக்கம், என் வீட்டுக்காரரின் அண்ணனிடம் வாங்கிய கைமாற்று இன்னொரு பக்கம். அங்கே போனால் இங்கே வாங்குவதைப்போல நாலைந்து மடங்கு சம்பளம், வரி கிடையாது, தங்குமிடம் அவர்கள் பொறுப்பு, வருடத்துக்கு ஒருமுறை விடுமுறைக்கு டிக்கெட். கணக்கு போட்டுப் பார்த்தால் யோசிப்பதற்கே ஒன்றும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எங்கள் கிறிஸ்தவ மக்கள் மத்தியில் இந்த மாதிரி நேரத்தில் சொல்கிற ஒரு பதில் உண்டு: “ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்.” மாப்பிள்ளை வீட்டார் இதைச் சொன்னால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கமிட்டியில் சொன்னால் காரியத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று அர்த்தம். சொந்த வீட்டு விஷயத்தில் சொல்லும்போது, பெரும்பாலும் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, கர்த்தரும் ஒத்துக்கொண்டார் என்று ஊருக்கு அறிவிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறோம் என்று அர்த்தம். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுவேதான் நடந்திருக்கும். நடக்காமல் போனதற்குக் காரணம், அந்த நாட்களில் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்திலுள்ள எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தோம்.

நல்ல எதிர்காலத்தை வாக்குக் கொடுக்கிற எரேமியா 29:11 வசனம் இல்லாத காலண்டர் எங்கள் தெருவில் கிடையாது. நாற்பத்திரண்டாம் அதிகாரத்தை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. எருசலேம் விழுந்துவிட்டது. பாபிலோன் ராஜா வைத்துவிட்டுப் போன அதிபதி கெதலியாவை ஒருவன் வெட்டிக் கொன்றுவிட்டான். மிஞ்சியிருந்த ஜனங்களுக்கு ஒரே பயம். ஆளைக் கொன்றது நாம் இல்லை என்றாலும் பாபிலோன்காரன் வந்தால் நம்மைத்தானே பிடிப்பான்? அதனால் எகிப்துக்குப் போய்விடலாம் என்று யோசிக்கிறார்கள். அங்கே யுத்தமும் இல்லை, பசியும் இல்லை. நியாயமான யோசனைதான். அப்புறம் எரேமியாவிடம் வந்து, எங்களுக்காகக் கர்த்தரிடத்தில் விண்ணப்பம் பண்ணும், அவர் சொல்வது நன்மையானாலும் தீமையானாலும் அப்படியே கேட்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே இருங்கள், பாபிலோன் ராஜாவுக்குப் பயப்பட வேண்டாம். கேட்ட மாத்திரத்தில், “நீ பொய் சொல்லுகிறாய்” என்று எரேமியாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறார்கள்.

வாசித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் முந்தின அதிகாரத்தின் கடைசி வசனங்களுக்குத் திரும்பிப் போனார். எரேமியாவிடம் கேட்க வருவதற்கு முன்னாலேயே அந்த ஜனங்கள் எகிப்துக்குப் போகிற எண்ணத்தோடு கிளம்பி, பெத்லகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருந்தார்கள். “பெட்டியைக் கட்டி, பாதி வழி வந்து இறங்கின பிறகுல்லா கேக்காங்க” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிராமெட்ரிக் தேர்வுக்கான கேள்வித்தாள் தொகுப்பு அப்போது என் போனில் இருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு நேரான ஒரு காரியம் உண்டு. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரி, அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்தான மருந்துகளை ஒரே நர்ஸ் பார்த்துப் போட்டுவிடக்கூடாது. இன்னொரு நர்ஸ் தனியாக ஆர்டரைப் படித்து, அளவைத் தானே கணக்குப் பார்த்து, சிரிஞ்சைப் பார்த்து, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆளுக்கு வேலை தெரியாது என்பதற்காக இந்த விதி வரவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு, இருபது வருட அனுபவம் உள்ள கண்ணுக்கும் தான் எதிர்பார்க்கிற எண்தான் சீட்டில் தெரியும். புதுப் பிள்ளைகள் பயந்து பயந்து மூன்று தரம் பார்ப்பார்கள். அனுபவசாலிகள்தான் “நான் பாத்துட்டேன் சிஸ்டர், நீங்க சும்மா சைன் போடுங்க” என்பார்கள். சில இடங்களில் மருந்து உள்ளே போன பிறகுகூட இரண்டாவது கையெழுத்துக்காக சார்ட் வந்து நிற்கும். கட்டத்தில் இரண்டு கையெழுத்தும் இருக்கும். சரிபார்ப்பு மட்டும் நடந்திருக்காது.

அப்படிப்பட்ட கையெழுத்தைக் கர்த்தரிடம் கேட்கக்கூடாது என்பதுதான் நாங்கள் அன்றைக்குப் பேசி வைத்த முதல் காரியம். நீதிமொழிகள் 3:5 “உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்” என்றுதான் சொல்கிறது. புத்தியைப் பயன்படுத்தாதே என்று அங்கே இல்லை. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் ஆண்டவர்தான். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டும்போது நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். நாங்களும் கணக்குப் பார்த்தோம். எப்போது, யார் முன்னால் வைத்துப் பார்ப்பது என்பதைத்தான் மாற்றினோம்.

செய்ததைச் சொல்கிறேன். அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் தொடங்குகிற நேரம். ஈஸ்டர் முடியும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை, எதற்கும் பணம் கட்டுவதில்லை, சொந்தக்காரர்களிடம் மூச்சுவிடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். மூன்றில் கடைசியதுதான் கஷ்டம், அதுதான் அதிகம் உதவியதும். “இவ சவுதிக்குப் போறாளாம்” என்று பேச்சு கிளம்பிவிட்டால், போகாமல் இருப்பதற்கு அப்புறம் காரணம் சொல்ல வேண்டிவரும். கட்டின பணமும் அப்படித்தான். போனது போகட்டும் என்று விட எங்களால் முடியாது. கடைசித் தேதி குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். அந்த அறிவிப்பின் தேதி லெந்து முடியும் முன்பே போய்விட்டது. நர்ஸ்களுக்கு அடுத்த அறிவிப்பு எப்படியும் வரும் என்ற தைரியத்தில் அதை விட்டோம். தேதிக்குப் பயந்து எடுக்கிற முடிவில் தேதிதான் ஆலோசனைக்காரன்.

அடுத்தது, என்ன ஆசைப்படுகிறோம் என்று ஆளுக்கொரு தாளில் எழுதினோம். ஜெபிப்பதற்கு முன்னாலேயே. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் (1805–1898), கர்த்தருடைய சித்தத்தை அறிவதில் பத்தில் ஒன்பது பங்கு சிக்கல் நம் சொந்த விருப்பத்தில்தான் இருக்கிறது என்பார். எந்தப் பக்கமும் சாயாத மனதை முதலில் கேட்டுப் பெறுவாராம். எனக்கு அவ்வளவு பக்குவம் கிடையாது. சாய்மானம் எந்தப் பக்கம் என்றாவது தெரியட்டும் என்று எழுதினேன். கடன், பிள்ளைகளின் படிப்பு, மேல்தளம், மிஷனரி பணிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் ஒரு வரி: “இனிமேல் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடாது.” கைமாற்றுக் கொடுத்த அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்க அதைப் பற்றிப் பேசியிருந்தார். அந்த வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் அழுத்தமாகவே ஓடியது. என் வீட்டுக்காரரின் தாளில் இரண்டே வரி. “போனால் கடன் தீரும். எனக்கு நீ போக வேண்டாம்.”

மிஷனரி பணிக்குக் கொடுக்கலாம் என்ற வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் திட்டத்துக்கு ஒரு தேவ காரியத்தை இணைத்துவிட்டால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது, நம்மாலேயே முடியாது. எங்கள் மாவட்டத்துத் தோனாவூரில் மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையார் வந்த கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவருடைய திட்டம், பெண்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாய்ச் சுவிசேஷம் சொல்லப் போவது. 1901-இல் கோயிலுக்கென்று விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் வர வர, ஊர் ஊராய்ப் போகிற வேலை நின்று, பால் காய்ச்சுவதும் நகம் வெட்டுவதும் வேலையானது. சுவிசேஷ வேலையை விட்டுவிட்டு இதைச் செய்வது சரிதானா என்று அவரே குழம்பியிருக்கிறார். ஊழியத் திட்டமே அப்படி மாறும் என்றால், வருமானத்தில் பத்தில் ஒன்றாகக் கொடுக்கிற தசமபாகத்தை முன்னால் நிறுத்தி என் திட்டத்தை நான் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அந்த வரியை அடித்துவிட்டேன். கொடுப்பதாக இருந்தால் இப்போது வாங்குகிற சம்பளத்திலிருந்தே கொடுக்கலாமே?

ஆலோசனை கேட்க மூன்று பேரைத் தெரிந்துகொண்டோம். நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் லாபமோ நஷ்டமோ இல்லாதவர்கள், வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர்கள். எங்கள் சபைப் போதகரான ஐயர், “போகலாம் அம்மா, தப்பே இல்லை” என்றார். சபையில் மூத்த ஒருவர், ஆலயம் இல்லாத நாட்டுக்கு எதற்குப் போகிறாய் என்றார். சவுதியில் சபைக் கட்டடம் கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் அது எனக்குப் பதிலாகப் படவில்லை. தானியேல் தீர்க்கதரிசி ஆலயம் இல்லாத பாபிலோனில்தான் இருந்தார். அங்கே போயிருக்கிற பிள்ளைகள் அறைக்குள் கூடி மெல்லிய குரலில் பாடி ஜெபிப்பதை போனில் கேட்டிருக்கிறேன், இங்கே நாங்கள் மைக் வைத்துப் பாடுவதைவிட அதில் உயிர் இருக்கும்.

மூன்றாவது ஆள், வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா. அவர் வேத வசனமே சொல்லவில்லை. “அத்தைக்கு லெவோடோபா எத்தனை வேளை?” என்று கேட்டார். பார்க்கின்சனுக்கான அந்த மாத்திரை நாலு வேளை. “நேரம் தப்பினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். கடையில இருக்கிற மனுஷன் பதினோரு மணிக்கு வந்து கொடுப்பாரா? சாப்பாட்டுக்கு முன்னால கொடுக்கணும்னு யாரு பாப்பா?” ஆள் வைத்தால் அதற்கு என்ன சம்பளம், அந்த ஆள் லீவு போட்டால் யார் என்று வரிசையாகக் கேட்டார். எங்கள் கணக்கில் அது இல்லவே இல்லை. சேர்த்துப் பார்த்தோம். அப்போதும் போவதுதான் லாபமாக வந்தது, இடைவெளிதான் குறைந்தது. ஆகவே ஆலோசனையும் எங்களுக்காக முடிவெடுத்துக் கொடுக்கவில்லை.

அடையாளம் தேடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் அதிகம் அகப்படுகிறார்கள். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைப்பது, “ஆம்”, “இல்லை” என்று சீட்டு எழுதி எடுப்பது, புது வருட ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை விசா மாதிரி நீட்டுவது. இதற்கும் குறி கேட்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வழி திறந்தது, மனதுக்குச் சமாதானமாக இருந்தது என்பதும் தனியாக நின்றால் போதாது. கர்த்தர் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் ஓடின யோனாவுக்கும் யோப்பா துறைமுகத்தில் கப்பல் தயாராக இருந்தது, கூலி கொடுக்கப் பணம் இருந்தது, உள்ளே போய்ப் படுத்ததும் அயர்ந்த தூக்கமும் வந்தது.

எங்களுக்கு உரைகல்லாகக் கிடைத்தது யாக்கோபு 3:17. பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தமுள்ளது, பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தால் நிறைந்தது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. போவது, போகாமல் இருப்பது என்ற இரண்டு யோசனைகளையும் இந்த வார்த்தைகளுக்கு முன் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். போவதில் பாவம் இல்லை. ஆனால் நான் எழுதின அந்தக் கடைசி வரியில் சாந்தமும் இல்லை, இணக்கமும் இல்லை. அண்ணன் முகத்தில் பணத்தை வைத்துவிட்டு வர வேண்டும் என்ற வேகம்தான் இருந்தது. அத்தைக்கான இரக்கம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருவேளை அத்தை நலமாக இருந்து, அந்த வரியும் இல்லாமல் இருந்திருந்தால், இதே வசனம் எங்களைப் போகச் சொல்லியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இதைப் படித்துவிட்டு, வெளிநாடு போகிறவர்கள் விசுவாசம் இல்லாதவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் பேசினோம். இப்போது போக வேண்டாம் என்று இரண்டு பேருமே சொன்னோம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை வந்தது. நான் எங்கே போகக்கூடாது என்று நினைத்தேனோ அந்த வீட்டுக்கே போனோம். காபி வந்தது. என் வீட்டுக்காரர் சுற்றி வளைக்காமல், “மொத்தமா இப்போ முடியாது அண்ணே. மாசாமாசம் கொடுக்கிறோம், கொஞ்சம் டைம் வேணும்” என்றார். அண்ணன் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினிதான், “கேட்டாதானே தெரியும், கேக்காம முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனா எங்களுக்கு எப்பிடித் தெரியும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் குத்தலும் இருந்தது, ஒரு மாதிரி நெருக்கமும் இருந்தது. வங்கியில் பேசி வீட்டுக் கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டினோம். வட்டி கூடத்தான் செய்கிறது.

சாட்சி சொல்லச் சொன்னால் கடைசியில் ஒரு திருப்பத்தை எதிர்பார்க்கிறார்கள். போனவர்கள் எல்லாம் வேலை இழந்து திரும்பினார்கள், எங்களைக் கர்த்தர் முன்கூட்டியே காத்தார் என்று முடித்தால் சபை “அல்லேலூயா” சொல்லும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த சிஸ்டர் ஒருத்தி அடுத்த அறிவிப்பில் போனாள். நன்றாக இருக்கிறாள், கடனை அடைத்துவிட்டாள், மாடி கட்டிவிட்டாள். பலனைக் காட்டி முடிவை நியாயப்படுத்துகிற பழக்கமே ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. யூதாவின் ராஜா ஆசா பெரிய எத்தியோப்பிய சேனை வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார். வயதான காலத்தில் இஸ்ரவேலின் ராஜா பாஷா வந்தபோது ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பி உதவிக்கு அழைத்தார். அந்தத் திட்டம் பலித்தது! பாஷா ராமா என்ற ஊரைக் கட்டுவதை விட்டுவிட்டுப் போய்விட்டார். பலித்த பிறகுதான் ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி வந்து, இந்தக் காரியத்தில் மதியில்லாதவராய் நடந்தீர் என்றார். ஆசா அவரைச் சிறையில் வைத்தார். சுயபுத்தி தோற்கும்போது நம்மைத் திரும்பிப் பார்க்கவாவது வைக்கும். ஜெயித்துவிட்டால் நம்மிடம் வந்து பேசுகிறவர்களை நமக்குப் பிடிக்காமல் போகிறது.

மாதக் கடைசியில் தவணை எல்லாம் ஒன்றாக வரும்போது, போயிருக்கலாமோ என்று நினைப்பு வரத்தான் செய்கிறது. அப்போது கணக்கு நோட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிற அந்த இரண்டு தாள்களையும் எடுத்துப் பார்ப்போம். என்ன காரணத்துக்காக எடுத்த முடிவு என்பது எழுத்தில் இருந்தால், அன்றைக்கு இருக்கிற மனநிலையில் அதை மாற்றிச் சொல்ல முடியாது. மகன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிப்பது என்ற பேச்சு வந்தபோதும் ஒரு தாளைக் கொடுத்து உன் ஆசையை முதலில் எழுது என்றேன். “எழுதினா அதையே வச்சு திட்டுவீங்க” என்றான். நியாயமான பயம்தான். அவனுடைய தாளை நாங்கள் வாசிப்பதில்லை என்று உடன்படிக்கை ஆகியிருக்கிறது.

சவுதிக்குப் போன சிஸ்டர் போன விடுமுறைக்கு வந்தபோது பேரீச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். அங்கே ஒப்பந்தம் முடியப்போகிறது, அயர்லாந்துக்கு முயற்சி பண்ணலாமா, இல்லை ஊருக்கே வந்துவிடலாமா என்று குழப்பமாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள்.

“ஏஜென்சிக்குப் பணம் கட்டிட்டியா?” என்று கேட்டேன்.

“பாதி கட்டிட்டேன்” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து ஜெபித்தோம். மீதிப் பாதியை எப்போது கட்ட வேண்டும் என்று தேதி கேட்டு வைத்திருக்கிறேன்.